குளத்தை விடியற்காலையில் அளந்து பாருங்கள்

குளத்துத் தண்ணீரைச் சோதிக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்ததும் முதலில் வாங்குவது டிடிஎஸ் பேனாதான். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, முனையை நனைத்தால் உடனே ஒரு எண் வந்துவிடுகிறது, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். கோயம்புத்தூரில் எங்கள் பகுதிக் குளத்தைத் தொடர்ந்து சோதித்துவரும் தன்னார்வலர் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பையிலும் பெரும்பாலும் அது இருக்கும். சாக்கடை வந்து விழும் வாய்க்காலில் அதை வைத்துப் பார்ப்பார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய் போர் தண்ணீரிலும் வைத்துப் பார்ப்பார்கள். பல வீடுகளில் போர் தண்ணீர்தான் அதிகமாகக் காட்டும். "அப்போ குளம் பரவாயில்லைங்களா?" என்று மறுநாள் கேட்பார்கள்.

பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து, அதை வைத்துக் கரைந்த உப்பின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். கொங்குப் பக்கத்துப் பாறைக்கு அடியில் வெகுகாலம் நின்ற தண்ணீரில் உப்பு கூடுதலாகத்தான் இருக்கும். வீட்டுச் சாக்கடை அப்படியில்லை, அதில் உப்பைவிட அழுகும் பொருளும் அம்மோனியாவும் கிருமியும்தான் பிரச்சினை, இந்த மூன்றில் எதையும் இந்தப் பேனாவால் பிரித்துச் சொல்ல முடியாது.

பேனா உதவாது என்று சொல்லவில்லை. நம் குளங்களை நிரப்பும் இதே நொய்யல் ஆற்றில் கீழே திருப்பூர் பக்கம் போனால் அதுதான் முக்கியமான கருவி. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆக வேண்டும், அந்த உப்பு முழுக்கக் கழிவுநீரோடு ஆற்றுக்கு வந்தது. வெளியேற்றும் கழிவுநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிப்போனது, அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அங்கே நோய் உப்பு, அதனால் உப்பை அளந்தார்கள். கோவைக் குளங்களுக்கு நோய் வேறு, நாம் அளக்க வேண்டியதும் வேறு.

நம் குளங்கள் தனித்தனிக் குட்டைகள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் நொய்யலைச் சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளில் திருப்பி, வாய்க்கால் வழியாக ஒரு குளத்தை நிரப்பி, அது நிறைந்ததும் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குப் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். சங்கனூர் பள்ளம் ஊரின் வடக்கையும் கிழக்கையும் சுற்றி வந்து சிங்காநல்லூர்க் குளத்துப் பக்கம் சேர்கிறது. மழைத்தண்ணீர் போக வெட்டிய அதே பாதையில் இன்றைக்கு வருடம் முழுக்கச் சாக்கடையும் போகிறது. ஆக, ஒரு குளத்தில் அளந்த எண் அந்தக் குளத்தைப் பற்றி மட்டும் பேசாது, மேலே இருக்கிற குளங்களும் தெருக்களும் சேர்ந்து அனுப்பிவைத்த கணக்கு அது.

இந்தக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது கரைந்த ஆக்சிஜன். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும், மீனும் மற்ற உயிரினங்களும் வாழ 4 இருக்க வேண்டும். 30 டிகிரி வெயிலில் சுத்தமான தண்ணீரே கிட்டத்தட்ட ஏழரைதான் பிடித்து வைக்கும், ஆக நமக்கு இருக்கிற இடைவெளியே ரொம்பக் குறைவு. சாக்கடையில் வரும் அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியா அந்த ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. அது எவ்வளவு எடுக்கும் என்று சொல்வதுதான் பிஓடி. அதற்கு 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிற வசதி வேண்டும், அதை ஆய்வகத்துக்கு விட்டுவிடலாம். ஆக்சிஜனைக் கரையில் நின்றே பார்த்துவிட முடியும்.

ஆனால் எந்த நேரத்தில்? இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பச்சைப் பசேல் என்று பாசி கலங்கிய குளத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் ஆக்சிஜன் அளந்தால் 10, 12 என்றுகூடக் காட்டலாம், தண்ணீர் தானாகப் பிடித்து வைக்கக்கூடிய அளவைவிட அதிகம். வெயிலில் பாசி ஆக்சிஜனைத் தயாரித்துத் தள்ளுகிறது, அதனால். அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இதைவிட ஆரோக்கியமான குளம் உலகத்தில் இல்லை என்று தோன்றும். சூரியன் சாய்ந்ததும் தயாரிப்பு நின்றுபோகிறது, அதே பாசியும் பாக்டீரியாவும் மீனும் அடிச்சேறும் ராத்திரி முழுக்க இருப்பதைச் செலவழிக்கின்றன. சூரியன் உதிக்கும் முன்னால் குளம் வருகிற நிலைதான் அதன் உண்மையான நிலை. மீன் சாவதும் அந்த நேரத்தில்தான், நாம் பார்ப்பது காலை ஏழு மணிக்குக் கரையில் ஒதுங்கியதை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குச் சொன்னவர் எங்கள் குளத்தில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் ஒரு பெரியவர். மழை வராமல் வானம் மட்டும் மூடியே கிடந்த ஒரு நாள் சாயங்காலம், "இன்னிக்குப் பூராம் மப்பும் மந்தாரமுமாவே இருந்துச்சுங்க தம்பி, துளி வெயில் இல்ல. நாளைக்குக் காத்தால வந்து பாருங்க, மீனு பூராம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்" என்றார். "ஏனுங்கண்ணா, மேகத்துக்கும் மீனுக்கும் என்னங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்" என்று வலையை மடிக்கப் போய்விட்டார். மறுநாள் அவர் சொன்னபடியே கரையோரம் முழுக்க மீன் வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாத பகலில் பாசி சேமிப்பு எதையும் விட்டுவைக்கவில்லை, ராத்திரி இருந்ததும் தீர்ந்துபோயிற்று, விஷயம் இவ்வளவுதான். அவரிடம் மீட்டர் இல்லை, அளவு மட்டும் சரியாக இருந்தது.

அரசுத் துறைகள் மாதிரி எடுப்பது பெரும்பாலும் பகலில், மாதத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ. ஆட்கள் ஆபீஸிலிருந்து கிளம்பி, பல இடம் சுற்றி, சாயங்காலத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் குளக்கரையில் நிற்க அவர்களால் முடியாது, பக்கத்துத் தெருவில் இருக்கிறவரால் முடியும். தன்னார்வலர் அளவீடு என்பது ஆய்வக வேலையின் மலிவான நகல் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஆய்வகம் வர முடியாத நேரத்தில் எடுக்கிற அளவு இது, வேறு யாரிடமும் இல்லாத அளவு.

எப்படி அளப்பது என்பதற்கு வருகிறேன். ஆக்சிஜன் மீட்டர் விலை அதிகம், அதன் முனையில் இருக்கும் சவ்வைப் பராமரிப்பதும் தொல்லை. நாங்கள் பிடித்துக்கொண்டது ஹங்கேரிக்காரர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறையை. பிளஸ் டூவில் வேதியியல் படித்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். சாய்வாகத் தேய்த்த கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி புட்டியைத் தண்ணீருக்குள் ஒரு முழம் ஆழத்தில் மெதுவாகச் சாய்த்து நிரப்ப வேண்டும், உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட மாட்டக் கூடாது. மாங்கனீசு சல்பேட் கரைசலை விட்டு, அடுத்து காரம் கலந்த அயோடைடு கரைசலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முனை இருக்கும்படி விட்டு, மூடிவிட்டுக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். புட்டிக்குள் பஞ்சு பஞ்சாகத் திரளும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்தப் பஞ்சு காபிப் பொடி நிறத்துக்குப் போகும், குறையக் குறைய வெளிர் மஞ்சளாகும், ஆக்சிஜனே இல்லாவிட்டால் பால் போல வெள்ளையாகவே நிற்கும்.

மதகுக்குப் பக்கத்தில் நின்று டார்ச் வெளிச்சத்தில் புட்டியைத் தூக்கிப் பிடித்து அது வெள்ளையாகவே இறங்குவதைப் பார்க்கிறபோது வரும் வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை. எண் எல்லாம் அப்புறம். அந்த வெள்ளையைப் பார்த்த பிறகு குழுவை விட்டுப் போனவர்கள் யாரும் இல்லை.

அதற்குமேல் அடர் கந்தக அமிலம் சேர்த்தால் பஞ்சு கரைந்து தேன் நிறமாகும். அமிலத்தைப் பெரியவர்கள் மட்டும் தொட வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த நிலையில் புட்டியை வெளிச்சம் படாமல் வீட்டுக்கு எடுத்துவந்து அன்றைக்கே பார்த்துவிடலாம். 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளுத்து வரும்போது ஸ்டார்ச் சேர்த்தால் ஊதா கலந்த நீலமாகும், அது சட்டென்று தெளிகிற சொட்டில் நிறுத்த வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன், வேறு கணக்கே வேண்டாம். சோதித்து முடிந்ததைக் குளத்தில் கொட்டாமல் கேனில் சேர்த்துவைத்து, உறுப்பினர் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படைக்கிறோம்.

விடியலில் ஆக்சிஜன் என்றால், மத்தியானத்தில் பார்க்க வேண்டியது அம்மோனியாவும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் எண்ணும். வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறுகிறது, காலையில் ஏழரை இருந்த குளம் மத்தியானம் ஒன்பதைத் தொடுவது சாதாரணம். பிஎச் 7இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதுதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், நம் ஊர்ச் சூட்டில் பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த வடிவத்துக்கு மாறிவிடும். சாக்கடை கூடாமலேயே தண்ணீர் பகலில் விஷமாகிறது, ராத்திரியில் மூச்சு முட்டுகிறது. இரண்டையும் தாக்குப்பிடிப்பது ஜிலேபியும், மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான். குளத்தில் மீன் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் என்ன மீன் என்று கேளுங்கள். அம்மோனியா பார்க்க மீன்தொட்டிக் கடையில் விற்கும் சொட்டுமருந்துப் பெட்டி போதும், நெஸ்லர் கரைசல் வேண்டாம், அதில் பாதரசம் இருக்கிறது. பிஎச் பேனாவை ஒவ்வொரு முறையும் 7, 10 பஃபரில் (பிஎச் இவ்வளவு என்று தெரிந்த கரைசலில்) சரிபார்த்த பிறகுதான் தண்ணீரில் வைக்க வேண்டும்.

பாக்டீரியா சோதனைக்கு எச்2எஸ் புட்டி என்று ஒன்று உண்டு. மஞ்சா, மௌரியா, ராவ் என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் மூவர் 1982இல் வெளியிட்ட முறை, தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால் மலக்கிருமி இருந்தால் கருப்பாகும். இதைக் குளத்தில் செய்து காசை வீணாக்க வேண்டாம், கருப்பாகத்தான் ஆகும். குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் போர்களிலும் செய்யுங்கள், அங்கேதான் அது புதிதாக ஒன்றைச் சொல்லும். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப்பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், உங்கள் சொந்த ஊரில் அவர்கள் யார் என்று விசாரித்து வையுங்கள். அந்தப் பெட்டி குடிதண்ணீருக்கானது, குளத்துக்கு அது பாதி வேலைதான் செய்யும், ஆனால் அவர்கள் கைப்பழக்கம் நமக்கு ரொம்ப உதவும்.

மேலே மலையடிவாரத்தில் சாடிவயல் பக்கம் போனால் சோதிக்க மருந்தே வேண்டாம். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் வாலில் மூன்று இழையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மே ஈக் குஞ்சும், மணலைக் கூடாகக் கட்டிக்கொண்ட கேடிஸ் ஈப் புழுவும் கண்ணில் படும், சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். ஊருக்குள் அதே ஆற்றின் சேற்றில் நெளிவது சிவப்பு ரத்தப்புழு. பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான் என்பேன், எண்ணைவிட இது சீக்கிரம் மனதில் நிற்கிறது.

சரி, இவ்வளவும் அளந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்களில் ஒன்றில் மட்டும் சில விடியல்களில் அம்மோனியா எகிறும், மற்றவற்றில் எப்போதும்போல் இருக்கும். பகலில் போனால் எதுவும் தெரியாது. நோட்டில் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டோம், ராத்திரி ஒரு மணிக்குமேல் செப்டிக் டேங்க் லாரி வந்து நிற்கும் என்று சொன்னார். முன்னாலும் லாரியைப் பற்றிப் புகார் போயிருக்கிறது, "பாத்தீங்களா, போட்டோ இருக்கா" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த முறை தேதி, நேரம், இடம், அளவு நாலும் போட்ட அட்டவணையைக் கொண்டுபோனோம், பக்கத்து வாய்க்காலின் அளவையும் ஒப்பிட்டுக் காட்டினோம். உதவிப் பொறியாளர் எழுந்து வந்து உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார். அங்கே இப்போது விளக்கு இருக்கிறது, லாரி உள்ளே இறங்க முடியாதபடி கல் நட்டிருக்கிறார்கள். வாய்க்காலில் கலக்கும் வீட்டுச் சாக்கடை இன்னும் அப்படியேதான், அதற்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு முழுதாக வர வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், 1974 நீர்ச் சட்டப்படி வழக்கில் சான்றாக நிற்பது வாரிய அலுவலர்கள் உரிய முறையில் எடுத்த மாதிரிதான், நம் நோட்டு அந்த இடத்தில் நிற்காது. எங்கே, எந்த நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அது போதும். அந்த ஒன்றுக்காகத்தான் ஒரே இடம், ஒரே ஆழம், ஒரே நேரம் என்று பிடிவாதமாக இருக்கிறோம். நல்ல எண் வந்த நாளையும் எழுதுகிறோம். அதை விட்டுவிட்டு மோசமான நாட்களை மட்டும் எழுதினால் நம்மை ஒருவரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய செக்கி டிப்-இன் என்ற முயற்சியில் தன்னார்வலர்கள் ஒரு வட்டத் தட்டை ஏரியில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை மட்டும் வருடா வருடம் எழுதி வந்திருக்கிறார்கள். கருவி என்று பார்த்தால் கயிறும் தட்டும்தான். எழுதியதை நிறுத்தாததால்தான் அது மதிப்புள்ளதானது.

அடுத்த வேலை வடகிழக்குப் பருவமழையின் முதல் மழைக்கு. வாய்க்கால்களில் மாதக்கணக்கில் தங்கிய கருப்புச் சேறு முழுக்க அந்த முதல் தண்ணீரோடுதான் குளத்துக்குள் இறங்குகிறது, அதற்கு அடுத்த விடியல்தான் மீனுக்கு மோசமான விடியல். எல்லா வாய்க்கால் வாயிலும் ஒரே நேரத்தில் ஆள் நிற்க வேண்டும், எங்களிடம் அத்தனை பேர் இல்லை. வாய்க்கால் பக்கம் வீடு இருக்கிறவர்கள், மழை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கு வர முடிகிறவர்கள் கீழே எழுதுங்கள். புட்டியும் கையுறையும் நாங்கள் தருகிறோம், டார்ச்சும் வழுக்காத செருப்பும் நீங்கள் கொண்டு வாருங்கள். பரிசல் பெரியவர் நடுக்குளத்தில் மாதிரி எடுத்துத் தரச் சம்மதித்திருக்கிறார், அவருடன் ஏறி உட்கார்ந்து புட்டி பிடிக்க நீச்சல் தெரிந்த ஒருவர் வேண்டும்.